சர்வருக்கு சர்வர் கோப்பு நகலெடுக்கும்போது கம்ப்ரஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சர்வரில் உள்ள கோப்புகளை இன்னொன்றில் அப்படியே வைத்திருக்க (இதற்குத்தான் ரெப்ளிகேஷன் என்று பெயர்) கோப்பு நகலெடுக்கும் ஆர்சிங்க், டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ், விண்டோஸின் டிஎஃப்எஸ்ஆர் என்று எதை எடுத்தாலும், எங்காவது ஒரு மூலையில் கம்ப்ரஷன், அதாவது டேட்டாவைச் சுருக்கும் ஆப்ஷன் ஒன்று இருக்கும். ‘போட்டு வைப்போம், நல்லதுதானே’ என்று அதைப் போட்டுவிடுபவர்களே அதிகம். நல்லதா என்பது எங்கே சுருக்குகிறீர்கள், எந்த வரிசையில் சுருக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைத்தான் சுற்றி வருகின்றன.

கம்ப்ரஷன் போட்டால் ரெப்ளிகேஷன் வேகமாகுமா?

நெட்வொர்க் மெதுவாக இருந்தால் ஆகும். நெட்வொர்க் வேகமாக இருந்தால் ஆகாது. தவறான முறையைத் தேர்ந்தெடுத்தால் பல மடங்கு மெதுவாகவும் ஆகும்.

ஒரு கோப்பு அடுத்த சர்வருக்குப் போய்ச் சேர ஐந்து வேலைகள் நடக்கின்றன: டிஸ்க்கிலிருந்து படிப்பது, சுருக்குவது, அனுப்புவது, அந்தப் பக்கம் விரிப்பது, எழுதுவது. ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரே சமயத்தில் ஓடுகின்றன. அதனால் மொத்த வேகம் என்பது இந்த ஐந்தில் எது மிக மெதுவோ அதன் வேகம்தான். கம்ப்ரஷன் உதவி செய்வது மூன்றாவது வேலைக்கு மட்டும். கோப்பு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கினால், நெட்வொர்க் ஐந்து மடங்கு வேகமானதுபோல நடந்துகொள்ளும். ஆனால் அதற்கு விலையாக இரண்டாவது, நான்காவது வேலைகளைப் புதிதாக உள்ளே கொண்டுவருகிறது. நெருக்கடி நெட்வொர்க்கில் இல்லாவிட்டால் வாங்கியது ஒன்றுமில்லை, கொடுத்தது மட்டும்தான்.

எண்களோடு சொல்ல முடியுமா?

100 ஜிபி லாக் கோப்புகள், அதாவது சர்வரின் பதிவுக் கோப்புகள், இருப்பதாக வைத்துக்கொள்வோம். லாக் என்பதால் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சுருக்கும் முறைகளில் பழைய இசட்லிப் ஒரு சிபியு கோரில் வினாடிக்கு 40 எம்பி சுருக்குகிறது, புதிய இசட்ஸ்டாண்டர்ட் வினாடிக்கு 400 எம்பி. டிஸ்க் எதற்கும் தடையில்லை. உங்கள் மெஷினில் எண்கள் மாறும்; ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே இப்படியொரு பெரிய இடைவெளி இருப்பது வழக்கம்தான்.

முதலில் 100 மெகாபிட் இணைப்பு. அது வினாடிக்கு 12.5 எம்பி. சுருக்காமல் அனுப்பினால் 8,000 வினாடி, அதாவது இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சுருக்கினால் இணைப்பு வினாடிக்கு 62.5 எம்பி அளவுக்கு விழுங்கும். இசட்ஸ்டாண்டர்ட் அதைத் தாராளமாக நிரப்பும்: 1,600 வினாடி. இசட்லிப்போ 40க்கு மேல் போகாது: 2,500 வினாடி. எப்படியும் இரண்டுமே லாபம்.

அடுத்து 1 கிகாபிட். வினாடிக்கு 125 எம்பி. சுருக்காமல் 800 வினாடி. இசட்ஸ்டாண்டர்ட் போட்டால் 250 வினாடி. இசட்லிப் போட்டால்? அதே 2,500 வினாடி. சும்மா விட்டிருந்தால் பதினாலு நிமிஷத்துக்குள் முடிந்திருக்கும் வேலை நாற்பது நிமிஷத்தைத் தாண்டுகிறது. பழைய ஸ்கிரிப்டில் யாரோ எப்போதோ போட்ட கம்ப்ரஷன் ஆப்ஷன், நெட்வொர்க்கை மேம்படுத்திய பிறகும் அப்படியே இருந்தால் நடப்பது இதுதான். நெட்வொர்க் பத்து மடங்கு வேகமாகியும் ஜாப் முடியும் நேரம் ஒரு நிமிஷம்கூடக் குறையாது.

10 கிகாபிட்டில், டிஸ்க் ஈடுகொடுத்தால், சுருக்காமலே 80 வினாடியில் முடிந்துவிடும். அங்கே ஒரு கோரில் ஓடும் இசட்ஸ்டாண்டர்டும் தடைதான்.

நேரம் மட்டுமே கணக்கில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போகும் டேட்டாவுக்கு அளந்து கட்டணம் வாங்கும் இணைப்பு என்றால், கொஞ்சம் மெதுவானாலும் சுருக்கி அனுப்புவதே சரி.

ஆர்சிங்க்கில் ‘-இசட்’ (கம்ப்ரஷன் ஆப்ஷன்) போட்டால் அந்தப் பக்கம் கோப்பு சுருங்கிய நிலையில்தான் இருக்குமா?

இல்லை. கம்பியில் போகும்போது மட்டும்தான் சுருக்கம். இறங்கியதும் விரித்து, மூலக் கோப்பு எப்படி இருந்ததோ அப்படியே எழுதிவிடும். டிஸ்க்கில் இடம் மிச்சமாக வேண்டுமானால் அது ஃபைல் சிஸ்டத்தின் வேலை.

ஆர்சிங்க் மாறிய பகுதியை மட்டும்தானே அனுப்புகிறது? அப்புறம் கம்ப்ரஷன் எதற்கு?

இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க்கின் அடிப்படை யோசனை இது: பெறும் சர்வர் தன்னிடம் உள்ள பழைய கோப்பைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சின்ன அடையாள எண்) போட்டு அனுப்பும். அனுப்பும் சர்வர் புதிய கோப்பின் மீது ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து, அதே செக்சம் எங்கேயாவது கிடைக்கிறதா என்று தேடும். கிடைத்தால் ‘இது உன்னிடம் இருக்கிறது’ என்று ஒரு எண்ணை மட்டும் அனுப்பும். கிடைக்காத பகுதியைத்தான் முழு பைட்டுகளாக அனுப்ப வேண்டும். கம்ப்ரஷன் வேலை செய்வது அந்தக் கிடைக்காத பகுதியின் மீது.

இதை நேரில் பார்க்க ‘--ஸ்டாட்ஸ்’ ஆப்ஷனைப் போட்டு ஓட்டுங்கள். 20 ஜிபி டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் கொட்டி வைத்த கோப்பு) ஒன்றில் 310 எம்பி அளவுக்கு மாற்றம் என்றால், முடிவில் வரும் பட்டியலில் ‘லிட்டரல் டேட்டா’ 310 எம்பியை ஒட்டியும், ‘மேட்ச்ட் டேட்டா’ மீதி 19 ஜிபி சொச்சமாகவும் இருக்கும். ‘டோட்டல் பைட்ஸ் சென்ட்’ என்பது கம்ப்ரஷனுக்குப் பிறகு கம்பியில் போனது. அது 70 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 310க்கும் 70க்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கம்ப்ரஷன் சம்பாதித்தது. 20 ஜிபியை 310 எம்பியாக்கியது டெல்டா, அதாவது மாறியதை மட்டும் தேடி அனுப்பும் முறை. கடைசி வரியில் ‘ஸ்பீட்அப்’ 280ஐ ஒட்டி வரும்; அதைப் பார்த்துவிட்டு கம்ப்ரஷன் பிரமாதம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த எண், மொத்தக் கோப்பு அளவைப் போய்வந்த பைட்டுகளால் வகுத்தது, அவ்வளவுதான். எதுவுமே மாறாத நாளில் ஆயிரக்கணக்கில் வரும்.

டெல்டா இலவசம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பெறுபவர் பழைய கோப்பை முழுக்கப் படிக்க வேண்டும், அனுப்புபவர் புதியதை முழுக்கப் படிக்க வேண்டும், கடைசியில் பெறுபவர் ஒரு தற்காலிகக் கோப்பை முழுக்க எழுத வேண்டும். நெட்வொர்க் டிஸ்க்கைவிட வேகமான இடத்தில் ‘--ஹோல்-ஃபைல்’ போட்டு டெல்டாவையே நிறுத்திவிடுவது நல்லது. மூலமும் இலக்கும் ஒரே மெஷினில் இருந்தால் ஆர்சிங்க் தானாகவே அப்படித்தான் செய்கிறது.

அப்படியென்றால் எங்கள் ஜிசிப் பேக்கப் கோப்பு மட்டும் ஏன் தினமும் முழுசாகப் போகிறது? உள்ளே மாறுவது கொஞ்சம்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். சுருக்கிவிட்டு டெல்டா தேடுவது, டெல்டா தேடிவிட்டுச் சுருக்குவது, இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். விளைவு நேர்மாறு.

கோப்புகளைச் சுருக்கும் ஜிசிப் உள்ளே இருப்பது டிஃப்ளேட் முறை. முன்னால் வந்த 32 கேபிக்குள் இதே எழுத்துத்தொடர் இருந்ததா என்று பார்த்து, இருந்தால் ‘இத்தனை பைட் பின்னால் போய் இத்தனை எடுத்துக்கொள்’ என்று எழுதும். பிறகு அடிக்கடி வருவதற்குக் குறைந்த பிட்டும் அரிதாக வருவதற்கு அதிக பிட்டும் கொடுக்கும். டம்ப்பின் தொடக்கத்தில் ஒரு வரி மாறினால், அந்த இடத்திலிருந்து பின்னோக்கிய குறிப்புகள் மாறுகின்றன, பிட் எண்ணிக்கை மாறுகிறது, அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பைட்டும் ஒன்றிரண்டு பிட் நகர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. உள்ளடக்கம் 99 சதவீதம் அதேதான். சுருங்கிய கோப்பில் பொதுவான துண்டு ஒன்றுகூட இருக்காது. ஆர்சிங்க் தேடித் தேடிப் பார்த்து, கிடைக்காமல், முழுசையும் அனுப்பும்.

இதற்கு மூன்று வழி உண்டு. எளிமையானது, டம்ப்பைச் சுருக்காமல் வைத்து, ஆர்சிங்க்கிலேயே கம்ப்ரஷன் போடுவது. டெல்டா முதலில் நடக்கும், மிச்சம் சுருங்கிப் போகும். டிஸ்க்கில் இடம் இருந்தால் யோசிக்க வேண்டியதே இல்லை.

இடம் இல்லையென்றால் ஜிசிப்பின் ‘--ஆர்சிங்கேபிள்’ ஆப்ஷன். கம்ப்ரசரின் நினைவை உள்ளடக்கத்தைப் பார்த்து அவ்வப்போது துடைத்துவிடும். அதனால் ஒரு மாற்றத்தின் பாதிப்பு அடுத்த துடைப்போடு நின்றுவிடும். கோப்பு பொதுவாகச் சுமார் ஒரு சதவீதம் பெருக்கும், அது ஒரு விலையே அல்ல. நீண்ட காலம் தனிப் பேட்ச்சாக இருந்து, 2016இல் ஜிசிப் 1.7இல் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. பிக்ஸ் (ஜிசிப்பின் பல கோர் வடிவம்), இசட்ஸ்டாண்டர்ட் இரண்டிலும் இதே பெயரில் இருக்கிறது. நேற்றைய கோப்பும் இன்றைய கோப்பும் இரண்டுமே இந்த ஆப்ஷனோடு உருவாகியிருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்; போட்ட முதல் நாள் எந்த மாற்றமும் தெரியாது.

மூன்றாவது, ஃபைல் சிஸ்டமே சுருக்கிக்கொள்வது. அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

உள்ளடக்கம் மாறவே இல்லை, ஆனாலும் ஜிசிப் கோப்பு வேறாக இருக்கிறதே?

ஜிசிப் தன் தலைப்பகுதியில் மூலக் கோப்பின் பெயரையும் நேரத்தையும் எழுதி வைக்கும். நேரம் மாறினால் சில பைட்டுகள் மாறும். ‘-என்’ ஆப்ஷன் போட்டால் எழுதாது.

லாக் ரொட்டேஷன் நடந்த மறுநாள் மட்டும் ரெப்ளிகேஷன் மணிக்கணக்கில் ஓடுகிறது. கம்ப்ரஷன் லெவலைக் கூட்டினால் சரியாகுமா?

ஆகாது. பிரச்சினை பெயரில் இருக்கிறது. பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கும் லாக்ரொட்டேட், எண் வைத்துப் பெயரிட்டால், நேற்று 1 என்று இருந்தது இன்று 2 ஆகிறது, 2 இருந்தது 3 ஆகிறது. 30 பழைய லாக் வைத்திருந்தால் 30 கோப்பும் பெயர் நகர்கின்றன. ஆர்சிங்க் பெயரை வைத்துத்தான் ஒப்பிடுகிறது. அதன் கண்ணுக்கு முப்பதும் மாறிவிட்டன. எல்லாம் ஜிசிப் கோப்புகள் என்பதால் டெல்டாவும் கைகொடுக்காது. ஏற்கெனவே அந்தப் பக்கம் இருக்கும் டேட்டா அத்தனையும் மறுபடி போகிறது.

லாக்ரொட்டேட் அமைப்பில் ‘டேட்எக்ஸ்ட்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எண்ணுக்குப் பதில் தேதி பெயரில் ஒட்டிக்கொள்ளும்; ஒருமுறை வைத்த பெயர் பிறகு மாறாது. புதிதாக வந்த ஒரே கோப்பு மட்டும் போகும். கம்ப்ரஷன் பற்றி வரும் கேள்விகளில் பாதி கடைசியில் இப்படித்தான் கம்ப்ரஷனுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் போய் முடிகின்றன.

எந்த அல்காரிதம் நல்லது?

ஆர்சிங்க் 3.2.0 (2020) முதல் இசட்ஸ்டாண்டர்ட், எல்இசட்4 இரண்டையும் சேர்த்துக்கொண்டது. இரு பக்கமும் அந்தப் பதிப்போ அதற்குப் புதியதோ இருந்து, இரண்டிலும் அந்த வசதி சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால், ‘-இசட்’ போட்டதும் தாங்களே பேசி முடிவு செய்துகொள்ளும். முதல் விருப்பம் இசட்ஸ்டாண்டர்ட். ஒரு பக்கம் பழையதாக இருந்தால் சத்தமில்லாமல் பழைய இசட்லிப்புக்கு இறங்கிவிடும். மேலே சொன்ன 2,500 வினாடி கதை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: ஒரு முனையை மட்டும் அப்டேட் செய்திருப்பார்கள். எதில் ஓடுகிறது என்று சந்தேகம் இருந்தால் ‘--கம்ப்ரெஸ்-சாய்ஸ்’ ஆப்ஷனில் பெயரைச் சொல்லிக் கட்டாயப்படுத்துங்கள். ஒத்துவராவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும், அதுவே நமக்குத் தேவையான தகவல்.

எல்இசட்4, இசட்ஸ்டாண்டர்ட் இரண்டையும் எழுதியவர் ஒருவரே, யான் கொலே. எல்இசட்4 2011இல் வந்தது; வேகமே அதன் குறி, சுருக்கம் சுமார்தான். இசட்ஸ்டாண்டர்டை 2016இல் ஃபேஸ்புக் திறந்த மூலமாக வெளியிட்டது. இசட்லிப் சுருக்கும் அளவுக்கும் மேலாகவே சுருக்கி, அதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடுகிறது. இசட்லிப்பின் வடிவமான டிஃப்ளேட் 1990களின் மெஷின்களுக்காக உருவானது. 32 கேபிக்கு மேல் பின்னால் பார்க்காது. அதைக் குறை சொல்வதற்கில்லை, எல்லா இடத்திலும் இருப்பதே அதன் பலம். ஆனால் இரு முனையும் உங்கள் கையில் இருக்கும்போது அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

1 கிகாபிட் வரை இசட்ஸ்டாண்டர்ட். அதற்கு மேல் எல்இசட்4, அல்லது ஒன்றும் வேண்டாம்.

லெவல் எவ்வளவு வைக்கலாம்?

லெவல் என்பது எவ்வளவு பாடுபட்டுச் சுருக்குவது என்ற அளவு. இசட்ஸ்டாண்டர்டில் இயல்பு 3. சாதாரணமாக 19 வரை, கூடுதல் அனுமதியோடு 22 வரை போகலாம். வேகம் மட்டும் வேண்டுமென்றால் பூஜ்யத்துக்குக் கீழும் உண்டு. ரெப்ளிகேஷனுக்கு 1 முதல் 3 வரை போதும். லெவலைக் கூட்டக் கூட வேகம் சடசடவென்று இறங்கும், அளவோ கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். 19 என்பது ஒருமுறை சுருக்கி ஆயிரம் பேர் இறக்கிக்கொள்ளும் பேக்கேஜுக்குப் பொருந்தும். ஒரே ஒரு முறை கம்பியில் போய் உடனே விரிக்கப்படும் டேட்டாவுக்கு அவ்வளவு சிபியு செலவழிப்பது வீண். உயர்ந்த லெவலில் மெமரியும் அதிகம் பிடிக்கும்; ஒரே சமயத்தில் இருபது சர்வர் இணைந்தால் அது இருபது மடங்கு.

கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார், இசட்ஸ்டாண்டர்ட், பாதுகாப்பாக அனுப்பும் எஸ்எஸ்எச் மூன்றையும் பைப்பில் (ஒன்றின் வெளியீடு அடுத்ததற்கு உள்ளீடாகும்படி) கோத்து அனுப்புபவர்களுக்கு ‘--அடாப்ட்’ என்று ஒரு அருமையான ஆப்ஷன் உண்டு. நெட்வொர்க் திணறினால் லெவலை ஏற்றும், நெட்வொர்க் காத்திருந்தால் இறக்கும். ‘-டி0’ சேர்த்தால் எல்லாக் கோர்களையும் பயன்படுத்தும். ஒரே குறை, பாதியில் அறுந்தால் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எந்தக் கோப்புகளைச் சுருக்கக் கூடாது?

ஏற்கெனவே சுருங்கியவை: ஜேபெக், எம்பி3, எம்பி4, ஜிப், 7இசட். வெளித்தோற்றத்தில் தெரியாதவையும் உண்டு. வேர்டின் டாக்எக்ஸ், எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், ஜாவாவின் ஜார், எல்லாமே உள்ளே ஜிப்தான். என்கிரிப்ட் செய்த, அதாவது ரகசியக் குறியீடாக்கிய, எதுவும் சுருங்காது. நல்ல என்கிரிப்ஷனின் வெளியீடு தாறுமாறான எண்களிலிருந்து பிரித்தறிய முடியாததாக இருக்க வேண்டும், தாறுமாறில் திரும்பத் திரும்ப வருவது எதுவும் இல்லை. இவற்றைச் சுருக்க முயன்றால் அளவு துளி கூடவே செய்யும். அளவைவிட, வீணாகும் சிபியுதான் நஷ்டம்.

இதற்கென்றே ஆர்சிங்க்கில் ‘--ஸ்கிப்-கம்ப்ரெஸ்’ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இப்போதைய கையேட்டில் அதன் கீழே உள்ள குறிப்பையும் படியுங்கள்: தற்போதுள்ள எந்தக் கம்ப்ரஷன் முறையும் கோப்புக்குக் கோப்பு மாற்றிக்கொள்வதை ஆதரிக்கவில்லை, ஆகவே இந்த ஆப்ஷனால் பலன் ஏதுமில்லை என்று அதுவே சொல்கிறது. இணையத்தில் சுற்றும் நீளநீளமான எக்ஸ்டென்ஷன் பட்டியல்களை ஒட்டி நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நடைமுறையில் வேலை செய்வது, ஜாபை இரண்டாகப் பிரிப்பது. படம், வீடியோ, ஜிப் இருக்கும் கோப்புறைகளுக்குக் கம்ப்ரஷன் இல்லாமல் ஒரு ஓட்டம். மற்றவற்றுக்குக் கம்ப்ரஷனோடு இன்னொரு ஓட்டம். இசட்ஸ்டாண்டர்ட் லெவல் 1 போன்ற வேகமான முறை என்றால் பிரிக்காமல் விட்டாலும் பெரிய நஷ்டமில்லை. சுருங்காத டேட்டாவை அது சீக்கிரம் கண்டுகொண்டு தாண்டிவிடும்.

ஆர்சிங்க்கிலும் போட்டு, எஸ்எஸ்எச்சிலும் ‘-சி’ (பெரிய எழுத்து) போட்டால் இரட்டிப்பு லாபமா?

இல்லை, ஒரே வேலைக்கு இரண்டு கூலி. முதல் சுற்றில் சுருங்கியதை இரண்டாவது சுற்று இன்னும் சுருக்க முடியாது. எஸ்எஸ்எச் பயன்படுத்துவதும் இசட்லிப்தான், ஆகவே வேகமான இசட்ஸ்டாண்டர்டுக்குப் பின்னால் மெதுவான இசட்லிப்பை நிறுத்துகிறீர்கள். வேகமான நெட்வொர்க்கில் இந்த ஆப்ஷன் வேகத்தைக் குறைக்கவே செய்யும் என்று ஓபன்எஸ்எஸ்எச்சின் கையேடே எச்சரிக்கிறது. கிளையண்டில் இது இயல்பாக அணைந்துதான் இருக்கும். கன்ஃபிக் கோப்பில் எல்லா ஹோஸ்டுகளுக்கும் சேர்த்து ‘கம்ப்ரஷன் யெஸ்’ என்று பழைய வரி ஒன்று கிடக்கிறதா என்று பாருங்கள். ஆர்சிங்க்கிடம் கொடுங்கள், எஸ்எஸ்எச்சிடம் வேண்டாம். எஸ்எஸ்எச் வழியே நகலெடுக்கும் எஸ்சிபி மட்டுமே உள்ள இடத்தில், மெதுவான இணைப்பு என்றால், அப்போது ‘-சி’ போடலாம்.

சுருக்கிவிட்டு என்கிரிப்ட் செய்வது ஆபத்து என்கிறார்களே?

2012இல் வெளிவந்த க்ரைம் தாக்குதலைச் சொல்கிறார்கள். ரகசியமும் தாக்குபவர் எழுதிய வார்த்தையும் ஒன்றாகச் சுருக்கப்பட்டால், வார்த்தை ரகசியத்தோடு பொருந்தும்போது அளவு குறையும். என்கிரிப்ஷன் உள்ளடக்கத்தை மறைக்கும், அளவை மறைக்காது. திரும்பத் திரும்ப ஊகித்து, அளவைப் பார்த்துப் பார்த்து, பிரவுசரின் லாகின் குக்கியை எழுத்து எழுத்தாகப் பிடித்துவிடலாம். அதனால்தான் இணைய இணைப்புகளைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் முறையின் 1.3 பதிப்பில் கம்ப்ரஷனே கிடையாது.

இரவில் ஓடும் கோப்பு ரெப்ளிகேஷனுக்கு இது எவ்வளவு பொருந்தும்? தாக்குபவர் தன் எழுத்தை உங்கள் கோப்புகளுக்குள் நுழைக்கவும் வேண்டும், கம்பியில் போகும் அளவைத் துல்லியமாகப் பார்க்கவும் வேண்டும், அதைப் பல நூறு முறை செய்யவும் வேண்டும். வெளியாட்கள் பதிவேற்றும் கோப்புறையையும் சாவிகள் இருக்கும் கோப்புறையையும் ஒரே ஓட்டத்தில் சுருக்கி அனுப்பாதீர்கள். மற்றபடி கவலைப்பட வேண்டியதில்லை. வரிசையை மாற்றி, என்கிரிப்ட் செய்துவிட்டுச் சுருக்குவது தீர்வாகாது. அப்போது சுருங்கவே சுருங்காது.

டெல்டா, பிறகு சுருக்கம், கடைசியில் என்கிரிப்ஷன். இந்த வரிசை எங்கே குலைந்தாலும் எதையோ இழக்கிறீர்கள்.

இசட்எஃப்எஸ் டேட்டாசெட் ஏற்கெனவே சுருங்கித்தான் இருக்கிறது. அனுப்பும்போது மறுபடி சுருக்க வேண்டுமா?

வேண்டாம், ஆனால் ஒரு ஆப்ஷனைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணமாக ‘செண்ட்’ செய்தால், இசட்எஃப்எஸ் டிஸ்க்கில் சுருங்கியிருக்கும் பிளாக்குகளை விரித்துத்தான் அனுப்பும். அதைப் பைப்பில் மறுபடி சுருக்கி, அந்தப் பக்கம் விரித்து, டிஸ்க்கில் எழுதும்போது மறுபடி சுருக்கி... சிபியு பாவம். ‘-சி’ (இங்கே சிறிய எழுத்து) போட்டால் டிஸ்க்கில் இருக்கிற சுருங்கிய பிளாக் அப்படியே போகும், அப்படியே எழுதப்படும். இசட்எஃப்எஸ்ஸின் சொந்த என்கிரிப்ஷன் உள்ள டேட்டாசெட் என்றால் ‘-டபிள்யூ’: சாவி இல்லாத சர்வரிலேயே நகலை வைத்துக்கொள்ளலாம், நம்பிக்கை குறைந்த இடத்தில் பேக்கப் வைக்க இதைவிட நல்ல வழி குறைவு. பெறும் பக்கத்தில் ‘-எஸ்’ போட்டால் பாதியில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதில் இன்னொரு வசதி, எந்த பிளாக் மாறியது என்று இரண்டு ஸ்னாப்ஷாட்டை (அந்தந்த நேரத்து நிலையின் பதிவு) ஒப்பிட்டு ஃபைல் சிஸ்டமே சொல்லிவிடுவதால், ஆர்சிங்க்போல முழுக் கோப்பையும் படித்துத் தேட வேண்டியதில்லை. பெரிய விர்ச்சுவல் மெஷின் இமேஜ்களுக்கு இது இரவும் பகலுமான வித்தியாசம். இன்னொரு ஃபைல் சிஸ்டமான பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் லினக்ஸ் 6.0 முதல் சுருங்கியபடியே அனுப்பும் வசதி வந்திருக்கிறது.

விண்டோஸ் சர்வர்களில்?

டிஎஃப்எஸ்ஆர், விண்டோஸ் சர்வர் 2003 ஆர்2இல் வந்ததிலிருந்தே இரண்டையும் தானே செய்கிறது: ஆர்டிசி என்ற டெல்டா முறை, அதற்கு மேல் கம்ப்ரஷன். ஆர்டிசி இயல்பாக 64 கேபிக்குக் குறைந்த கோப்புகளைத் தொடாது. ஜேபெக், எம்பி3, ஜிப், கேப் போன்ற எக்ஸ்டென்ஷன்களைச் சுருக்காமல் விடும் பட்டியலும் உள்ளேயே இருக்கிறது. வேகமான உள் நெட்வொர்க்கில் ஆர்டிசியை அந்தந்த இணைப்புக்கு அணைத்துவிடலாம். மாறிய துண்டைத் தேடும் நேரத்தில் கோப்பையே அனுப்பிவிடலாம். அனுப்பும் முன் கோப்பைத் தயாராக வைக்கும், இயல்பாக 4 ஜிபி இருக்கும் ஸ்டேஜிங் இடம் பெரிய கோப்புகளுக்குப் போதாது. டிஎஃப்எஸ்ஆர் ஊர்ந்தால் கம்ப்ரஷனைச் சந்தேகிப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

வெறும் கோப்பு நகலுக்கு, விண்டோஸ் சர்வர் 2022, விண்டோஸ் 11 முதல் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பியிலேயே கம்ப்ரஷன் இருக்கிறது. நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியில் ‘/கம்ப்ரெஸ்’ என்று சேர்த்தால் போதும், இரு முனையும் புதியதாக இருக்க வேண்டும்.

சிங்க்திங்?

மெஷின்களுக்கு இடையே கோப்புகளை ஒத்திசைக்கும் இந்த மென்பொருள், இயல்பில் கோப்புப் பட்டியல் போன்ற விவரங்களை மட்டும் சுருக்கும், கோப்பின் உள்ளடக்கத்தைச் சுருக்காது. மெதுவான இணைப்பில் நிறைய டெக்ஸ்ட் போகிறது என்றால், அந்த டிவைஸுக்கு மட்டும் ‘எல்லாவற்றையும்’ என்று மாற்றுங்கள்.

சுருக்கி அனுப்பினால் கோப்பு கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகமா?

இங்கே பேசுவதெல்லாம் இழப்பற்ற முறைகள். ஒரு பிட்கூட மாறாது. வழியில் ஏதாவது சேதமானால் எஸ்எஸ்எச் கண்டுபிடித்து இணைப்பையே துண்டிக்கும். அதற்கு மேல் ஆர்சிங்க், எழுதி முடித்த ஒவ்வொரு கோப்பின் முழு செக்சமையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது.

லைவ் சர்வரில் ஓடுகிறது. சிபியு முழுவதையும் இழுத்துக்கொள்ளாமல் எப்படித் தடுப்பது?

‘நைஸ்’ போட்டு ஓட்டுங்கள். இன்னொரு வேலைக்குச் சிபியு தேவைப்படும்போது கம்ப்ரஷன் விலகி நிற்கும். ஆர்சிங்க்கின் ஒரு ஓட்டம் கம்ப்ரஷனுக்குப் பெரும்பாலும் ஒரு கோரைத்தான் பிடிக்கும், ஆகவே எட்டு கோர் மெஷினில் ஒரே ஒரு ஜாப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. ‘--பிடபிள்யூலிமிட்’ போட்டிருந்தால் ஒரு விஷயம்: அது அளப்பது சாக்கெட்டில் போகும், அதாவது சுருங்கிய பைட்டுகளை. வினாடிக்கு 10 எம்பி என்று கட்டுப்படுத்தினாலும் டேட்டா ஐந்து மடங்கு சுருங்கினால் டிஸ்க்கில் 50 எம்பி படிக்கப்படும். டிஸ்க்கைக் காப்பாற்ற அந்த வரம்பு போட்டவர்கள் இங்கே ஏமாறுவார்கள்.

எங்கள் டேட்டாவுக்கு எது பொருந்தும் என்று எப்படி அளப்பது?

உங்கள் சொந்தக் கோப்புகளிலிருந்து ஒரு ஜிபி அளவுக்கு மாதிரி எடுத்து டார் செய்யுங்கள். இசட்ஸ்டாண்டர்டின் ‘-பி1 -இ5’ ஆப்ஷன்களோடு அதன் மீது ஓட்டினால், லெவல் 1 முதல் 5 வரை ஒவ்வொன்றுக்கும் எத்தனை மடங்கு சுருங்குகிறது, சுருக்கும் வேகம், விரிக்கும் வேகம் மூன்றையும் வரிசையாகக் காட்டும். சர்வர் வழக்கமான வேலையில் இருக்கும் நேரத்தில் ஓட்டுங்கள், நள்ளிரவில் சும்மா இருக்கும்போது வரும் எண் பகலில் கிடைக்காது. நெட்வொர்க்கின் வேகத்தை ஐபெர்ஃப் வைத்துத் தனியாக அளந்து, சுருங்கும் மடங்கால் பெருக்குங்கள். அது சுருக்கும் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் கம்ப்ரஷன் நெட்வொர்க்குக்கு ஈடுகொடுக்கும். அதிகமாக இருந்தால் லெவலைக் குறையுங்கள். லெவல் 1இன் வேகமே வெறும் நெட்வொர்க் வேகத்தைவிடக் குறைவு என்றால் கம்ப்ரஷனை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று. கம்ப்ரஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே நேரம்தான் ஆகிறது. ஏன்?

நெருக்கடி வேறெங்கோ இருக்கிறது. லட்சக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகள் இருந்தால், ஒவ்வொன்றையும் திறந்து, அளவும் நேரமும் பார்த்து, எழுதி, பெயர் மாற்றி மூடுவதிலேயே நேரம் போகிறது. அங்கே ஒரு கோப்புக்கு 2 கேபி போனாலும் 1 கேபி போனாலும் ஒன்றுதான். முதல் நகலுக்கு டார் பைப்பில் ஒரே ஓட்டமாக அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு ஆர்சிங்க் பிடித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. தூரத்து சர்வர் என்றால் போய்வரும் நேரமும் டிசிபியின் விண்டோ அளவும் (பதில் வருமுன் எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பு) சேர்ந்து வேகத்தைக் கட்டிப்போடும். கோப்புறைகளைப் பிரித்து மூன்று நான்கு ஓட்டங்களை ஒரே சமயத்தில் விட்டுப் பாருங்கள். மொத்த வேகம் ஏறினால் காரணம் அதுதான்.

ஏறவில்லை என்றால் ஜாப் ஓடும்போதே இரு பக்கமும் சிபியுவைக் காட்டும் ‘டாப்’பும் டிஸ்க்கைக் காட்டும் ‘ஐஓஸ்டாட்’டும் திறந்து வையுங்கள். ஒரு கோர் நூறு சதவீதத்தில் நின்றால் கம்ப்ரஷனோ எஸ்எஸ்எச்சின் என்கிரிப்ஷனோ. டிஸ்க் நூறில் நின்றால் டிஸ்க். இரண்டுமே சும்மா இருந்து, வேகமும் இணைப்பின் அளவை எட்டவில்லை என்றால், நெட்வொர்க் ஆட்களைக் கூப்பிட வேண்டிய நேரம்.